நிலுவையில் புகார் எதுவும் இல்லை

அந்தப் போக்குவரத்து நிறுவனத்தில் ஒரு பேருந்து நடுவழியில் நின்றுபோனால், ஸ்பேனரும் கிரீஸ் துணியுமாக ஓர் ஆள் வந்து சக்கரத்துக்கு அடியில் படுத்துவிடுவார். கூட்டம் போட மாட்டார், விளக்கம் கேட்க மாட்டார். வண்டி உறுமியதும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அதே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு மடிக்கணினி நின்றுபோனால் மட்டும் கதையே வேறு. அதற்கென்று நாலாவது மாடியில் தொழில்நுட்ப உதவிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., வாசலிலேயே ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை. அங்கே போன மடிக்கணினிகள் திரும்பி வந்ததுண்டு. போன மாதிரியே வந்தனவா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அட்டவணைக்காரர் இரண்டாவது மாடியில் இருந்தார். எந்த வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதுவது அவர் வேலை. வண்டிகள் அதைப் பெரிதாக மதித்ததில்லை. அது வேறு விஷயம். ஆனால் அவர் எல்லாவற்றையும் மதிக்கிறவர். சுவரில் ஒரு விதியை எழுதி ஒட்டியிருந்தால் நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்வார். படித்ததை நம்பவும் செய்வார், பாவம்.

ஒரு நாள் காலை மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார், மூடித் திறந்தார், சார்ஜரைப் பிடுங்கிச் செருகினார். கறுப்பு மாறவில்லை. மற்றவர்களாக இருந்தால் ‘சரி, ஒரு டீ குடிக்கச் சாக்கு கிடைத்தது’ என்று எழுந்து போயிருப்பார்கள். இவர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். ஏனென்றால் அந்த மடிக்கணினிக்குள்தான் அவர் மனைவியின் குரல் இருந்தது.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே பாதி வலியை இறக்கிவிடுவாள் என்று பெயர். வீட்டில் கேட்கவே வேண்டாம். “அம்மா தாயே, கொஞ்ச நேரம் வாய மூடறியா” என்று அட்டவணைக்காரரே எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறார். அந்தக் கும்பிடுகளை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் பிழைத்தாள். கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை இருக்கிறது. குரல் இல்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். குரல் இருக்கும்போதே வேண்டியதையெல்லாம் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு தட்டினால் போதும், மடிக்கணினி அவள் குரலிலேயே பேசும். அதற்கான மென்பொருளையும் அந்தப் பெண்ணே எப்படியோ ஏற்றிக்கொடுத்தாள். வீட்டில் இருந்த ஒரே கணினி அலுவலகம் கொடுத்ததுதான்.

பதிவதற்கென்று அந்தப் பெண் சில வாக்கியங்களைச் சொல்லியிருந்தாள். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ ‘எனக்கு வலிக்கிறது.’ மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இப்படி யாருங்க வீட்ல பேசுவாங்க? நாடகத்துல ராணி கேக்கற மாதிரி இருக்கு.”

பிறகு தன் இஷ்டத்துக்குப் பதிந்தாள். “ஏங்க, ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” “உங்க அக்காகிட்ட நானே பேசிக்கறேன், நீங்க நடுவுல வராதீங்க.” “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.” இவர் அலுவலகத்திலிருந்து வர நேரமான நாட்களில் தனியாக உட்கார்ந்தும் எதையெதையோ பதிந்து வைத்தாள். ஒரு சிரிப்பைக்கூடப் பதிந்தார்கள். இவர் ஒரு ஜோக் சொன்னார், அவள் சிரித்தாள். ஜோக் படு அசடு. சிரிப்பு நிஜம்.

வேலைக்கு மடிக்கணினி வேண்டுமே. அதனால் தினமும் காலையில் மனைவியின் குரலைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போவார். மாலையில் கொண்டுவந்து கொடுப்பார். மேசையில் வைத்ததுதான் தாமதம், அவள் உட்கார்ந்து பகலெல்லாம் பேசாமல் விட்டதையெல்லாம் படபடவென்று தட்டித் தீர்ப்பாள். இவர் சட்டையைக் கழற்றாமல் நின்று திட்டு வாங்குவார். அந்த வீட்டில் அதுதான் நல்ல நேரம்.

‘ஒரு நகல் எடுத்து வைக்கக் கூடாதா மனுஷன்?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பென் டிரைவ் செருகும் துளைகளைப் பாதுகாப்புப் பிரிவு பசை ஊற்றி அடைத்துவிட்டது. சொந்தக் கோப்பை மெயிலில் அனுப்பினால் மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அலுவலகக் கணினியில் சொந்தக் கோப்பு வைத்திருப்பதே குற்றம். கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கலாம்தான். அது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்கு அவர் பட்டது போதும். நாமும் சேர்ந்து திட்ட வேண்டாம்.

அடுத்த மேசையில் தொலைந்த பொருள் பிரிவு அம்மா இருந்தார். பேருந்தில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற குடை, டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, சமயத்தில் பல்செட் எல்லாம் அவர் பொறுப்பு. எதையும் நேராகப் பேசிவிடுகிற ஆள்.

“என்ன சார், முகமே செத்துப்போச்சு?”

“லேப்டாப் ஆன் ஆகலம்மா.”

“எதிர் கடையில குடுங்க. திருகாணியக் கழட்டிப் பாத்துக் குடுத்துடுவான்.”

“சீல் ஒட்டியிருக்கு. அத உடைச்சா வேலை போயிடும். வேலை போனா ஆஸ்பத்திரிக்குக் குடுக்கறாங்களே, அந்தக் காப்பீடும் போயிடும்.”

“அப்ப நாலாவது மாடிக்குக் கம்ப்ளெய்ன்ட் போடுங்க.”

“கம்ப்ளெய்ன்ட் பக்கம் லேப்டாப்லதானே திறக்கும்.”

“லேப்டாப் ஆன் ஆகலன்னு சொல்றதுக்கு லேப்டாப் ஆன் ஆகணுமா?”

“அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்காங்க.”

“நல்லா இருக்கு போங்க! இந்தாங்க, என்னோடதுல போடுங்க.”

போட்டார். மதியம் நாலாவது மாடியிலிருந்து நீலச் சட்டை போட்ட இருவர் வந்தார்கள். நேராகத் தொலைந்த பொருள் அம்மாவின் மேசைக்குப் போய், அவர் தட்டிக்கொண்டிருந்த மடிக்கணினியை விரல்களுக்கு அடியிலிருந்து உருவினார்கள்.

“யோவ்! என்னய்யா பண்றீங்க?”

“கம்ப்ளெய்ன்ட் வந்தது இந்த மெஷின்லேர்ந்துதான் மேடம்.”

“இது நல்லா ஓடிட்டிருக்கு, கண்ணு தெரியலையா?”

“ஓடறது வெளியில தெரியுது மேடம். உள்ள என்ன இருக்குன்னு நாங்கதான் பாக்கணும்.”

எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மேலே ‘சோதிக்கப்பட்டது’ என்று பளபளப்பான ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அந்த அம்மா பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை.

“என்னய்யா இது, நல்லா இருந்தத செத்த பொணமா குடுக்கற?”

நீலச் சட்டைக்காரர் பொறுமையாக விளக்கினார். “கம்ப்ளெய்ன்ட்ல ‘ஆன் ஆகல’ன்னு இருந்துது மேடம். மெஷின் ஆன் ஆச்சு. ரெண்டும் ஒத்துப்போகல. இப்ப ஒத்துப்போகுது.”

தொலைந்த பொருள் அம்மா அந்த அட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்களுக்கு அதுல அப்படி என்ன சார் இருக்கு? பஸ் டைம்தானே?” என்று கேட்டார். அட்டவணைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொல்லி முடித்தபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தார். தன் மடிக்கணினியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொலைபேசியில் புகார் சொல்லவும் ஒரு வழி இருந்தது. முதல் நிலை உதவியாளர் என்று ஒருவர் எடுத்தார். கேட்க வேண்டிய கேள்விகள் அவர் முன்னால் வரிசையாக இருந்திருக்க வேண்டும். வரிசையை விட்டு இம்மியும் நகரவில்லை.

“லேப்டாப் இப்ப ஆன்ல இருக்கா சார்?”

“ஆன் ஆகலன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“சரி சார். ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க.”

“ஆஃப்லதான் இருக்கு.”

“ரொம்ப நல்லது சார், பாதி முடிஞ்சுது. இப்ப ஆன் பண்ணுங்க.”

“அதுதான் ஆகல.”

“ஆனதும் திரையில இடது பக்கம் கீழ ஒரு படம் வரும், அத அழுத்துங்க.”

“தம்பி, திரையே வரல.”

“வரும்வரை காத்திருக்கேன் சார்,” என்றார் உதவியாளர். உண்மையிலேயே காத்திருந்தார். நடுவில் யாரிடமோ காபிக்குச் சர்க்கரை குறைவு என்று சொன்னது கேட்டது. அட்டவணைக்காரரும் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை வந்துவிடுமோ என்று அவருக்கும் ஒரு நப்பாசை இருந்தது, அதை மறைப்பானேன்.

மடிக்கணினி நின்றுபோன முதல் நாள் மாலையே, அதை அலுவலக மேசையில் விட்டுவிட்டு வெறும் பையோடுதான் வீட்டுக்குப் போனார். மனைவி மேசையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தாள். பையின் கனத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சரி பண்ணக் குடுக்கணும். ஆபீஸ்ல பெரிய பிரிவே இருக்கு அதுக்கு. குடுத்துடுவாங்க.”

அவள் தலையாட்டினாள். எழுதிக் காட்ட ஒரு பலகை வீட்டில் இருந்தது. ஆனால் எழுதித் திட்ட முடியாது. எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும், படிக்கிறவனுக்கும் உறைக்காது. அவள் பலகையைத் தொடவில்லை. இவர் குளித்துவிட்டு வந்து, வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் வந்தாள், துண்டை எடுத்தாள், கொடியில் போட்டாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மடிக்கணினியைத் தானே தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனார். அங்கே புகாரை வகைப்படுத்துகிற மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் பச்சை விளக்கைக் குனிந்து பார்த்து, “மின்சாரம் இருக்கு, நல்ல நிலை,” என்று முத்திரை குத்தினார். இரண்டாமவர் காதை வைத்துக் கேட்டு, “காத்தோட்டம் இருக்கு, நல்ல நிலை,” என்று குத்தினார். மூன்றாமவர் திரையை விரலால் சுண்டிப் பார்த்தார். “கண்ணாடி உடையல. நல்ல நிலை.”

“அப்ப ஏன் சார் ஓடல?”

“தனித்தனியா பாத்தா எல்லாமே நல்லா இருக்கு,” என்றார் முதலாமவர். “மொத்தமா சேத்துப் பாத்தாத்தான் ஓடல.”

“அப்ப மொத்தமா யார் பாப்பாங்க?”

“மொத்தத்துக்குன்னு இங்க போஸ்ட் இல்ல சார்,” என்றார் மூன்றாமவர், கொஞ்சம் வருத்தமாகவே. “கேட்டு எழுதியிருக்கோம்.”

அதனால் விஷயம் பிரிவுத் தலைவரிடம் போனது. பெரிய அறை. சுவர் நிறைய பாராட்டுப் பத்திரங்கள், எல்லாம் அந்தப் பிரிவே அந்தப் பிரிவுக்குக் கொடுத்தவை. தலைவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது. எழுந்து கை கொடுத்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“கவலையே படாதீங்க. அடுத்த வாரம் நம்ம பிரிவுக்கு ஆண்டு விழா. அதுக்குள்ள நிலுவையில ஒரு புகார்கூட இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். உங்க மெஷின் கட்டாயம் ஓடும்.”

“ரொம்ப நன்றி சார். ஒரே ஒரு வேண்டுகோள். சரி பண்ணும்போது உள்ள இருக்கறத அழிச்சிடாம…”

“உள்ள என்ன இருக்கப்போகுது? பஸ் டைம்தானே. அது சர்வர்லயும் இருக்கு.”

அட்டவணைக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். முப்பது வருடத்துக்கு மேலான சர்வீஸில் இந்த ஒன்றைத் தவிர அவர் எந்த விதியையும் மீறியதில்லை. மீறியதை ஒப்புக்கொள்ளுகிற பழக்கமும் இல்லை. ஆனாலும் சொன்னார். “என் வீட்டம்மா குரல் சார் அதுல இருக்கு.”

தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இவர் தோளில் கை வைத்தார்.

“நீங்க சொன்னது என் காதுல விழல.”

இவர் குரலை உயர்த்தினார். “அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் சார். இப்ப பேச முடியாது. பேசினதெல்லாம் அந்த லேப்டாப்லதான்…”

“விழலன்னு சொல்றேன்ல? விழுந்தா என்ன ஆகும் தெரியுமா? அலுவலக மெஷின்ல சொந்தக் கோப்பு! நான் உடனே மேல எழுதணும். உங்களுக்கு மெமோ, விசாரணை, அந்த மெஷின் பறிமுதல். இவ்வளவு வருஷம் உழைச்ச மனுஷனுக்கு நான் அந்தக் கொடுமையப் பண்ணுவேனா? மாட்டேன். அதனால விழல.” அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. “நன்றியெல்லாம் வேணாம். எனக்கும் குடும்பம் இருக்கு.”

“அப்ப அழிக்க மாட்டீங்கல்ல சார்?”

“எத?” என்றார் தலைவர், அன்போடு.

அட்டவணைக்காரர் இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மடிக்கணினி அங்கேயே இருந்தது.

விழா மாநாட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லா மாடிக்காரர்களும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. மேடையில் பூந்தொட்டிகள், பின்னால் பெரிய எழுத்தில் ‘நிலுவை: பூஜ்யம்’. தலைவர் பேச எழுந்தார்.

“நண்பர்களே! போன வருஷம் நம்ம பிரிவுக்கு வந்த புகார்கள் ஏராளம். இன்னைக்கு நிலுவையில ஒண்ணுகூட இல்ல. எப்படின்னு வெளியில கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. தீக்க முடிஞ்சத தீத்தோம். தீக்க முடியாதத, இது புகார் இல்லன்னு தீர்மானிச்சோம். அதுக்கும் மேல நச்சரிச்சவங்களுக்கு அவங்க மெயிலுக்கே பதில் அனுப்பினோம். மெஷின் ஓடாததால அவங்களால மெயில் பாக்க முடியல. மறுமொழி வரலன்னு மூடிட்டோம்.”

பலத்த கைதட்டல். தலைவர் கையமர்த்தினார்.

“நம்மள யாரும் குறை சொல்லல. குறை சொல்லணும்னா நம்ம வழியாத்தான் சொல்லணும், நாம ஏத்துக்கணும்ல? இப்ப ஒரு முக்கியமான நிகழ்ச்சி. நம்ம அட்டவணைப் பிரிவு சார மேடைக்கு அழைக்கறேன்.”

அட்டவணைக்காரர் பாதி எழுந்து அப்படியே நின்றார். தொலைந்த பொருள் அம்மா பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளி, “போங்க சார், போங்க, குடுத்துடப்போறாங்க,” என்றார். மேடையில் ஒரு மேசை, மேசையில் சிவப்பு நாடா கட்டிய அவருடைய மடிக்கணினி. அவருக்கு ஒரே சந்தோஷம்தான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இந்த மெஷின் நம்மகிட்ட வந்தப்ப உயிரில்லாம வந்துது,” என்றார் தலைவர். “இன்னைக்குப் பாருங்க. சார், உங்க கையாலயே ஆன் பண்ணுங்க.”

நாடாவை அவிழ்த்து அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது. கூடம் எழுந்து நின்று தட்டியது.

“பாத்தீங்களா? புதுசாப் பொறந்த குழந்தை மாதிரி! ஒரு கோப்பு கிடையாது, ஒரு தூசு கிடையாது. பழைய குப்பை ஒண்ணுகூட உள்ள இல்ல. நிறுவனத்தோட சின்னம் மட்டும்தான். இதுக்குப் பேர்தான் முழுமையான தீர்வு!”

நீலமான திரையில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அட்டவணைக்காரர் ஒவ்வொரு மூலையாகத் தேடினார். கைதட்டல் நிற்கவில்லை. யாரோ அவர் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். புகைப்படக்காரர், “சார், கொஞ்சம் சிரிங்க,” என்றார். சிரித்தாரா என்று அவருக்கே தெரியாது. படத்தில் சிரிப்பது போலத்தான் இருக்கிறது, பிரிவின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

மேடைக்குப் பின்னால், சட்டைப் பையில் திருகாணி முடுக்கி வைத்திருந்த ஒருவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மடிக்கணினிகளைத் திறப்பது அவர் வேலை.

“நீங்கதானே இத சரி பண்ணீங்க?”

“ஆமா சார். ஒரு பிரச்சனையும் இல்ல அதுல. ராம்னு உள்ள ஒரு சின்ன அட்டை இருக்கும். தினம் பஸ்ல கொண்டு போறீங்க போல, குலுங்கிக் குலுங்கி நகந்திருக்கு. கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கினேன். உடனே ஆன் ஆயிடுச்சு.”

“ஆன் ஆனப்ப… உள்ள இருந்ததெல்லாம் இருந்துச்சா?”

“அப்படியே இருந்துச்சு சார். அதுக்கப்புறம் ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணணும். திரையில ஒரு படம் இருந்துது, தட்டினேன். ஒரு அம்மா பேசினாங்க. ஸ்பீக்கர் ஓகேன்னு விட்டுட்டேன்.”

அட்டவணைக்காரர் பூங்கொத்தைக் கீழே வைத்தார். “என்ன பேசினாங்க?”

“என்னமோ சொன்னாங்களே… ஆங். ‘கதவச் சாத்திட்டு வந்து உக்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’னாங்க.”

அந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. இவர் வர நேரமான ஏதோ ஒரு நாளில் அவள் தனியாகப் பதிந்ததாக இருக்க வேண்டும். ஏதோ ஒரு நாளைக்கென்று வைத்திருந்திருக்கிறாள்.

“எப்படிச் சொன்னாங்க? கோவமாவா?”

“இல்ல சார். சிரிச்சுக்கிட்டே சொன்ன மாதிரி இருந்துது. நல்ல குரல்.” அவர் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். “ஸ்பீக்கர் டெஸ்டுக்கு அடுத்தது அழிக்கறதுதான். மெஷின திறந்தா அழிச்சிட்டுத்தான் மூடணும், அது ரூல். யாராவது வேணாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். தலைவர்கிட்டகூடக் கேட்டேன், சார் ஏதாவது சொன்னாரான்னு. எதுவும் காதுல விழலன்னாரு.”

“திருப்பி எடுக்க முடியாதா?”

“நம்மது நல்ல சாஃப்ட்வேர் சார்,” என்றார் அவர் பெருமையாக. “ஏழு தடவ மேல மேல எழுதி அழிக்கும். கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது.” பிறகுதான் இவர் முகத்தைப் பார்த்தார். “ஏன் சார், யாரு சார் அது?”

அட்டவணைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அத இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றார். “அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.” அந்த மனிதர் சங்கடத்தோடு, தன் கரகரத்த குரலில், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காரும்படி சொன்னார்.

வீட்டில் அவள் ஆவலாகத்தான் பையைப் பிடுங்கினாள். மேசையில் வைத்துத் திறந்தாள், பொத்தானை அழுத்தினாள், திரை எரிந்ததும் இவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தேடினாள். தட்டினாள். வேறு இடத்தில் தட்டினாள். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. இவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, போய் முகம் கழுவிக்கொள்ளச் சொல்லிக் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்த அவர் கைபேசி ஒலித்தது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம். தொழில்நுட்ப உதவிப் பிரிவுலேர்ந்து கருத்துக் கேக்கறதுக்காகப் பேசறேன்.” இளம்பெண் குரல், உற்சாகமான குரல். “உங்க லேப்டாப் புகார் திருப்தியா தீந்துதா? தீந்துதுன்னா ‘ஆமா’ன்னு சொல்லுங்க. தீரலன்னா ‘இல்ல’ன்னு சொல்லுங்க.”

அட்டவணைக்காரர் துண்டோடு ஓடி வந்து கைநீட்டினார். அவள் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. வாயைத் திறந்து ‘இல்ல’ என்றாள். கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

“ஹலோ? சொல்லுங்க.”

மறுபடி சொன்னாள்.

“ஹலோ, காத்துச் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஆமாவா, இல்லையா?”

அவள் விரல் முட்டியால் மேசையில் ஓங்கித் தட்டினாள். மறுபடி தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஏதோ தட்டற சத்தம் வருது. லைன் சரியில்ல போல. பதில் வரலன்னா முழுத் திருப்தின்னு எடுத்துக்கறது எங்க வழக்கம். அப்படியே போட்டுக்கறேன், சரியா?”

“இல்ல!” என்று கத்தினார் அட்டவணைக்காரர். “இல்லம்மா, இல்ல!”

“ஐயோ சார், இப்பதான் பதிஞ்சேன், இனிமே மாத்த முடியாது. வேணும்னா புதுசா ஒரு கம்ப்ளெய்ன்ட் போடுங்க. இப்பதான் உங்க லேப்டாப் நல்லா ஓடுதே, அதுலேர்ந்தே போடலாம். நன்றி, வணக்கம்.”

இணைப்பு அறுந்துவிட்டது. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. முட்டி சிவந்துபோயிற்று. இவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கை அடங்கியது, வாய் அடங்கவில்லை. சத்தமில்லாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அவள் உதடு அசையும்போதெல்லாம் இவர் சத்தமாக “இல்ல” என்றார். அவள் மறுபடி அசைத்தாள். இவர் மறுபடி சொன்னார். கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆளில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.